முன்வீட்டில் கேட்ட பெயர்

ஒருவரைத் திட்டுவதென்றால் வாயைத் திறக்கவேண்டும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது காற்றிலேயே எழுதிவைத்துவிடலாம். ஸாஜிதாவை அப்படித்தான் எழுதிவைத்திருந்தார்கள்.

அவள் மகள் ஸஹ்றா குர்ஆன் ஓதி முடித்த நாள் அது. புத்தளம் பக்கத்தில், குறிஞ்சிப்பிட்டியில் அவர்களுடைய சின்ன வீட்டின் முன்னால் பாய் விரித்து, ஓதிக்கொடுத்த மௌலவியாவையும் தெருப் பெண்களையும் அழைத்திருந்தாள். வந்தவர்களில் ஒருத்திக்குப் பிள்ளை ஓதுவதைப் படமெடுத்துக் கத்தாரிலிருக்கும் புருஷனுக்கு அனுப்ப ஆசை வந்தது. ஃபோனில் வைஃபை தேடினாள். தேடியவள் திரையைப் பக்கத்திலிருந்தவளுக்குக் காட்டினாள். அவள் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அடுத்தவளுக்குக் காட்டினாள். சிரிப்பு பாய் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவந்தது.

ஸாஜிதா எட்டிப் பார்த்தாள். திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. முன்வீட்டு இணைப்புக்கு 'அஸ்ரியா மன்ஸில்' என்று பெயர். அவளுடைய வீட்டுக்கு வருகிற இணைப்புக்கு, ஆங்கிலப் பெரிய எழுத்தில், 'அகதி' என்று பெயர்.

தெருவில் யார் ஃபோனைத் திறந்தாலும் அதுதான் தெரியும். தொழப் பள்ளிக்குப் போகிறவர், மீன்காரர், வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், எல்லாருக்கும் தெரியும். ஸாஜிதா முகத்தை மாற்றாமல் இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தை வெட்டித் தட்டுத்தட்டாய்க் கொடுத்தாள். கடைசித் துண்டு மட்டும் உடைந்துபோனது.

கதை இதுதான். வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு அவளுடைய வாப்பாவும் உம்மாவும் மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்கள். அவள் அதற்குப் பிறகு பிறந்தவள். பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில், வளர்ந்தது இந்த மண்ணில், குடித்தது இந்த உவர்த்தண்ணீர். ஆனாலும் சிலருடைய வாயில் அவள் அகதிதான். வயது முப்பதைத் தாண்டியும் அவள் வந்து சேர்ந்தபாடில்லை.

அந்தச் சிலரில் முதல் ஆள் அஸ்ரியா, ஸாஜிதாவின் புருஷன் றஊபுக்கு மூத்த சகோதரி, அவன் வாயில் ராத்தா. அவளுடைய கோபத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். ஸாஜிதாவின் வாப்பாவிடம் கிடுகுக் குடிசை ஒன்றைத் தவிர வேறு இல்லை. அதனால் றஊப் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல், தங்கள் காணியிலேயே, அஸ்ரியாவின் சீதன வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி, பெண்ணைக் கூட்டிவந்தான். அஸ்ரியா அதை மன்னிக்கவேயில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் ஸாஜிதாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. நேரில் என்றால் "இந்தா புள்ள". மற்றவர்களிடம் "பின்னூட்டுப் புள்ள", அதாவது பின்வீட்டுப் பிள்ளை. ஸாஜிதா அந்தப் பக்கம் இல்லையென்றால் அந்த மற்றச் சொல். முன்வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவள் வெறும் பின்னூட்டு மாமி.

இன்டர்நெட் கம்பி முன்வீட்டுக்குத்தான் வந்தது. அங்கிருந்து ஒரு சின்ன ரேடியோப் பெட்டி அதை வைஃபையாய்ப் பின்வீட்டுக்கு அனுப்பும். பழைய ரேடியோ உப்புக்காற்றில் பழுதாகிப் போய், அந்த வாரம்தான் புதிதாய் ஒன்று பூட்டினார்கள். பூட்ட வந்தவன் பின்வீட்டுக்கு என்ன பெயர் போட என்று கேட்டிருக்கிறான். குசினியிலிருந்த அஸ்ரியா தேங்காய் துருவிக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது.

இதையெல்லாம்விட ஸாஜிதாவைச் சுட்டது வேறொன்று. அவளுடைய ஃபோனை அந்த இணைப்பில் சேர்த்துக் கொடுத்தவன் றஊப். அப்படியென்றால் அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து அழுத்திவிட்டு, ஃபோனை அவள் கையில் கொடுத்திருக்கிறான்.

றஊப் வெங்காயம், செத்தல் மிளகாய் வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்புகிறவன். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் எல்லாரையும்போல அவனுக்கும் சண்டை என்றால் ஆகாது. ராத்தா வாய்ப்பேச்சுக்காரி, மனதில் ஒன்றும் இல்லை என்றான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்றான்.

"எனக்கி பூமி வேணாம்," என்றாள் ஸாஜிதா. "என்ட பேர் போதும். ஒங்கட ராத்தா இந்த வாசலுக்கு வந்து என்னப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அதுமட்டும் நான் விடமாட்டன்."

அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லொறியைப் பார்க்கப் போய்விட்டான். அவள் ஃபோனில் வைஃபையை அணைத்தாள். அதைத் திரும்பப் போடவில்லை.

ஆனால் வேலைக்கு இன்டர்நெட் வேண்டும். மின்சாரச் சாமான்கள் விற்கிற ஒரு கொழும்புக் கம்பனிக்கு அவள் வீட்டிலிருந்து வேலை செய்தாள். வாங்கிய கிரைண்டர் சுற்றவில்லை, மின்விசிறி ஆடுகிறது என்று தமிழில் எழுதிக் கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவது அவள் பொறுப்பு. மடிக்கணினிக்கு முன்வீட்டிலிருந்து தனிக் கம்பி ஒன்று இழுத்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பனி ஒரு கட்டளை போட்டது: வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லாரும் ஃபயர்வால் வைக்கவேண்டும். பார்சலில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது, சவர்க்காரக் கட்டி இரண்டை அடுக்கிய அளவில்.

ஃபயர்வால் என்றால் வீட்டுக்குள் வருகிற, வீட்டிலிருந்து போகிற ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேள்வி கேட்கிற காவல்காரன். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று நாம் சட்டம் எழுதிக் கொடுக்கவேண்டும். கம்பனி கேட்ட சட்டங்களை ஸாஜிதா ஒவ்வொன்றாய் எழுதினாள். எழுதி முடித்ததும் ஒரு யோசனை வந்தது. கடைசியாகத் தன் சொந்தச் சட்டம் ஒன்றையும் சேர்த்தாள். பின்வீட்டிலிருந்து முன்வீட்டுச் சாமான் எதனோடும் எந்தப் பேச்சும் கிடையாது. கம்பி முன்வீட்டு வழியாகப் போகலாம், ஆனால் வழியில் நின்று அங்கே யாரோடும் கதைக்கக்கூடாது. அதைச் சேமித்தபோது அவளுக்கு வயிறு குளிர்ந்தது. எத்தனையோ வருஷமாய்ச் செய்ய நினைத்ததை ஒரு பெட்டி செய்து தந்துவிட்டது.

குளிர்ந்த வயிறு உடனேயே காயத் தொடங்கியது. ஒன்றும் திறக்கவில்லை. கம்பனிப் பக்கம் திறக்கவில்லை, செய்தி திறக்கவில்லை, எதைத் தட்டினாலும் திரையில் ஒரே வசனம்: இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டாள். கம்பியைக் கழற்றிப் பூட்டினாள். ஊதியும் பார்த்தாள். அதே வசனம்தான்.

கம்பனியில் இந்த மாதிரித் தொல்லைகளுக்கு ஃபோனில் உதவுகிறவன் றொமேஷ் என்ற சிலாபத்துப் பையன். அவன் பெயர்களை விட்டுவிட்டு ஓர் இலக்கத்தைத் தட்டச் சொன்னான். தட்டினாள். உடனே பதில் வந்தது.

"அப்ப ரோட்டுல பிழையில்ல அக்கா," என்றான் றொமேஷ். இன்டர்நெட்டில் உண்மையான விலாசம் எல்லாம் இலக்கம்தான் என்று விளக்கினான். மனுஷருக்கு இலக்கம் ஞாபகம் இராது, ஆகவே பெயரைத் தட்டுகிறோம். தட்டிய பெயருக்கு எந்த இலக்கம் என்று மெஷின் யாரிடமாவது கேட்கவேண்டும். அப்படிக் கேட்டுச் சொல்கிற வேலைக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். கேட்கிற இடத்தில் பதில் இல்லையென்றால் ரோடு எவ்வளவு நல்லதாய் இருந்தும் பயணம் இல்லை. "உங்கட மெஷின் யார்கிட்ட பேர் கேக்குது எண்டு ஒருக்காப் பாருங்க."

அவன் சொன்ன இடத்தைத் திறந்தாள். ஓர் இலக்கம் எழுதியிருந்தது. அதை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். முன்வீட்டு ஹோலில், அஸ்ரியாவின் கண்ணாடி அலுமாரிக்கு மேல் இருக்கும் இன்டர்நெட் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற இலக்கம். எப்போதோ ஒருநாள் இணைப்புச் சரியில்லையென்று றஊப் அவள் மெஷினில் எழுதிவிட்டுப் போனது, அப்படியே கிடந்திருக்கிறது.

ஸாஜிதா கதிரையில் சாய்ந்துவிட்டாள். இவ்வளவு காலமும் அவளுடைய மெஷின் உலகத்திலுள்ள ஒவ்வொரு பெயரையும் அஸ்ரியாவின் அலுமாரியிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இன்று அவள் தானே கதவை அடித்துச் சாத்திவிட்டு, பெயர் வரவில்லையே என்று பெட்டியை ஊதிக்கொண்டிருக்கிறாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் என்ன கூடவா இருக்கும்? அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

சட்டத்தை எடுத்துவிட்டால் உடனே சரியாகும் என்றான் றொமேஷ். சட்டம் இருக்கட்டும் என்றாள் அவள். அப்படியானால் இனிப் பெயரை உங்களுடைய ஃபயர்வாலிடமே கேட்கச் செய்யலாம், அது வெளியே நேராய்ப் போய்க் கேட்டுவந்து சொல்லும் என்றான். பழைய இலக்கத்தை அவள் ஒவ்வோர் எழுத்தாய் அழித்தாள். தன் பெட்டியின் இலக்கத்தை எழுதினாள். எல்லாம் படபடவென்று திறந்தன. இனிப் பெயருக்காக முன்வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லை.

அத்தோடு விட்டிருந்தால் அவள் நல்ல பெண். ஆனால் அவள் நல்ல பெண்ணாக இருந்து என்ன கண்டாள்?

மாரி தொடங்கிய முதல் வாரத்தில் ஓர் இடி விழுந்தது. தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை, அலுமாரிக்கு மேலிருந்த பெட்டி கருகிப்போனது. திருத்த வந்தவன் பக்கத்துச் சின்ன ஒழுங்கையில் கம்பிக்குப் புதுத்தூண் வந்திருப்பதாகவும், அங்கிருந்து பின்வீடுதான் கிட்ட என்றும் சொன்னான். இணைப்பு றஊபின் பெயரில்தான் இருந்தது. வேலைக்கு வேண்டியவள் ஸாஜிதா. கம்பி பின்வீட்டுக்கு வந்தது. அவளுடைய கறுப்புப் பெட்டியிலிருந்து முருங்கை மரத்தைச் சுற்றி ஒரு வயர் முன்வீட்டுக்குப் போனது. அஸ்ரியா முகத்தைச் சுளித்தாள். ஆனால் தடுக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கு அவசரமான ஒரு காரியம் இருந்தது.

அவளுடைய மகள் ஸஃப்னாவுக்குப் புத்தளத்தில் ஒரு பெரிய இடத்தில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை தோஹாவில் இன்ஜினியர். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், மாப்பிள்ளை வீடியோவில் வருவார். அதற்கென்றே சுவரளவு ஒரு டிவி வாங்கி மாட்டியிருந்தார்கள். குறிஞ்சிப்பிட்டியில் அந்த வீட்டுக்குள் ஃபோன் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் வராது. டிவிக்கு வைஃபைதான் வழி. அதாவது ஸாஜிதாதான் வழி.

போன வருஷம் றஊப் அவளையும் மகளையும் கண்டக்குழிக்குக் கூட்டிப்போயிருந்தான். காற்றாடி கட்டிக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர் தங்கும் லொட்ஜ் ஒன்று அவனுடைய கூட்டாளிக்கு இருந்தது. அங்கே வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் தானாக வந்து பெயர் கேட்கும். சரியான பெயர் கொடுத்தால்தான் மேலே போகலாம். ஸாஜிதா அதை மறக்கவில்லை. என்னுடைய பெட்டியிலும் அப்படி ஒரு பக்கம் வைக்க ஏலுமா என்று றொமேஷிடம் கேட்டாள். ஏலும் என்றான். எதைக் கேட்கவேண்டும் என்று விசாரித்தான்.

"என்ட பேர," என்றாள்.

இது கடினமான பூட்டே இல்லையே, வீட்டு ஆட்களுக்கு உங்கள் பெயர் தெரியாதா என்று அவன் சிரித்தான். பார்ப்போம் என்றாள் அவள்.

அவள் அநியாயம் செய்யவில்லை. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். அவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஊரில் நாலைந்து விதம் உண்டு. ஐடி கார்டில் ஒரு விதம், பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறு விதம். எப்படி எழுதினாலும் திறக்கட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்துவைத்தாள். முன்வீட்டு வைஃபைக்கு 'அஸ்ரியா மதினி' என்று மரியாதையாகப் பெயர் போட்டாள். யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பக்கத்தையும் சில நாள் எழுப்பாமல் வைத்திருந்தாள். முன்வீடு நன்றாகப் பழகட்டும், டிவியில் நாடகம் பார்க்கட்டும், அதில்லாமல் இருக்கமுடியாதென்று ஆகட்டும் என்று பொறுத்திருந்தாள். பொறுமை பற்றி றஊப் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

நிச்சயத்தன்று காலையில் பக்கத்தைப் போட்டுவிட்டாள். அஸ்ரியாவுக்கு டிவி ஓடாது. யாரையாவது அனுப்புவாள், நான் போகமாட்டேன், கடைசியில் அவளே இந்த வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். ஆனால் நடுப்பகல் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு முன்வீட்டிலிருந்து அவளுக்கு வந்த அழைப்பு, வட்டிலப்பத்தைத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லி. வட்டிலப்பம் அவள் கைப்பக்குவம். அதற்கு மட்டும் அகதியின் கை ஆகும்.

தட்டத்தோடு ஹோல் வாசலுக்கு வந்தபோது உள்ளே நிறையப் பெண்கள். நடுவில் மாப்பிள்ளையின் உம்மா ஹவ்வா, கண்ணாடி போட்ட, குறைவாகப் பேசுகிற பெண்மணி. ஸஃப்னாவை உள்ளறையில் சோடித்துக்கொண்டிருந்தார்கள். றஊப் மௌலவியைக் கூட்டிவரப் போயிருந்தான். அஸ்ரியாவின் புருஷன் நெய்னார் மட்டும் டிவிக்குக் கீழே ரிமோட்டோடு நின்றார். பெண்சாதி பேசும் இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாத மனுஷன்.

டிவி முழுக்க ஸாஜிதா எழுதிவைத்த வசனம் நின்றது. வந்த பெண்களில் ஒருத்தி அதைச் சத்தமாக வாசித்தாள்: "இந்த இணைப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறதோ, அந்த வீட்டுக்காரியின் பெயரை எழுதவும்."

"என்ட பேரப் போடுங்க," என்றாள் அஸ்ரியா பெருமையாக.

நெய்னார் ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாய்த் தேடி அழுத்தினார். எல்லாரும் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். டிவி சொன்னது: இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வசனத்தை ஸாஜிதா வேறெங்கும் தேடிப்போகவில்லை. தன் சொந்தத் திரை தனக்குச் சொன்னதையே எழுதிவைத்திருந்தாள்.

அஸ்ரியா காணிக்குச் சொந்தக்காரியாயிருந்த தன் மௌத்தான உம்மாவின் பெயரைப் போடச் சொன்னாள். கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரி என்று கேட்டிருந்தும் றஊபின் பெயரைப் போடச் சொன்னாள். கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலில் நின்றவளுக்குத் தட்டம் கனத்தது. நான் இங்கேதான் நிற்கிறேன், உன் கண்ணெதிரே நிற்கிறேன், செத்தவர்களைக்கூடக் கூப்பிட்டுவிட்டாய், இன்னும் என்னிடம் வரவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

"வயர் பின்னால ஒரு வூட்டிலிருந்து வருதெண்டு சொன்னீங்களே," என்றார் ஹவ்வா.

அஸ்ரியாவின் முகம் தெளிந்தது. "ஓம், மெய்தான். அப்ப அகதி எண்டு போடுங்க."

உப்புக் கொண்டுவா என்பதுபோலச் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பின்வீட்டு இணைப்புக்கு முன்பு அதுதானே பெயர்? அவள் வைத்த பெயர், அவள் ஞாபகத்தில் இருந்தது. நெய்னாரின் விரல் அசையவில்லை. அவள் இன்னொரு தரம் சொன்னாள். அவர் அழுத்தினார். ரிமோட்டில் எழுத்து ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் வரும். பெண்கள் பழக்கத்தில் எழுத்துக் கூட்டத் தொடங்கி, பாதியில் ஒவ்வொருத்தியாய் நிறுத்தினார்கள். கடைசி எழுத்து விழுந்தபோது ஹோலில் ஒருவரும் வாசிக்கவில்லை.

இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அகதி எண்டது யாரு?" என்றார் ஹவ்வா.

அஸ்ரியா சிரிக்கப் பார்த்தாள். சும்மா, பகிடிக்கு, பின்னூட்டுப் புள்ளைக்கு வைத்த பேர் என்றாள். சொல்லும்போதே கண் வாசலுக்கு வந்துவிட்டது. எல்லாருடைய கண்ணும் வந்தது. ஸாஜிதாவுக்கு முதலில் முகம் எரிந்தது. பாயில் சுற்றிவந்த அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. பிறகு எரிச்சல் தணிந்து உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. இப்போது சிரிக்கட்டும் பார்ப்போம் என்று நின்றாள்.

"ஒங்கட பேர் என்ன மகள்?" என்று ஹவ்வா அவளிடம் கேட்டார்.

"மதினிக்கித் தெரியும்," என்றாள் ஸாஜிதா.

இப்போது எல்லாரும் அஸ்ரியாவைப் பார்த்தார்கள். அவளுக்கு வேர்த்தது. கல்யாணத்தன்று ஒருதரம் காதில் விழுந்த பெயர். பிறகு தேவைப்படவேயில்லை. "ஸா..." என்று இழுத்தாள். "ஸாஹிரா."

நெய்னார் சொன்னதை எழுதினார். டிவியும் சொல்லவேண்டியதைச் சொன்னது.

ஹவ்வா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "நாளைக்கி என்ட மகனும் இந்த வூட்டுலதானே வந்து இரிக்கப்போறார்," என்றார், குரலை உயர்த்தாமல். "அவருக்கு என்ன பேர் வச்சிரிக்கிங்க?"

நெய்னார்தான் அசைந்தார். யாரும் சொல்லாமலே ரிமோட்டைத் தூக்கி எழுத்தெழுத்தாய் அழுத்தினார். ஸாஜிதா என்று வந்தது. கதவு திறந்தாற்போலப் பக்கம் விலகியது, தோஹாவிலிருந்து மாப்பிள்ளையின் முகம் சுவரளவுக்கு வந்து ஸலாம் சொன்னது. பெயர் தெரிந்திருந்துமா இவ்வளவு நேரமும் சும்மா நின்றீர்கள் என்று அஸ்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நீ கேட்கவில்லையே என்றார் நெய்னார்.

ஸாஜிதா முதல் தட்டை ஹவ்வாவிடம் கொடுத்தாள். உள்ளறை வாசலில் சோடித்த முகத்தோடு ஸஃப்னா நின்றிருந்தாள். மை கலைந்திருந்தது. அந்தப் பிள்ளையைக் கண்டபோது மட்டும் ஸாஜிதாவுக்குச் சுருக்கென்றது. அவளுடைய நாளில்தானா இதைச் செய்தோம் என்று ஒருகணம் தோன்றியது. ஆனால் தன் மகளுடைய நாளில்தானே அவர்களும் சிரித்தார்கள் என்ற நினைவு வந்ததும் அந்தச் சுருக்கும் மறைந்தது. தட்டத்தை வைத்துவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தாள்.

நிச்சயம் முறியவில்லை. பெரிய இடத்து ஆட்கள் அப்படியெல்லாம் எழுந்து போகமாட்டார்கள். ஹவ்வா போகும்போது ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: கல்யாண நாள் குறிக்க எங்கள் வீட்டுக்கு வரும்போது அந்தப் பிள்ளையையும் கூட்டிவாருங்கள், முறையாகச் சொல்லிக் கூட்டிவாருங்கள். முறையாகச் சொல்வதென்றால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். வாசலுக்குப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாயால் சொல்லவேண்டும். ஃபோனில் சொன்னால் சொன்னதாகாது.

றஊப் நடந்ததைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு, போதும்தானே, அந்தப் பக்கத்தை எடுத்துவிடு என்று கெஞ்சினான். ராத்தா இன்னும் வாசலுக்கு வரவில்லையே என்றாள் அவள். பக்கம் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் புதிதாய்க் கேட்டுக்கொண்டிருந்தது. முன்வீட்டில் ஒவ்வொருவரும் காலையில் முதல் வேலையாக அவளுடைய பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பில் அவளுக்குத் தேநீர் கூடுதலாய் இனித்தது.

அஸ்ரியா வந்தது நாள் குறிக்கப் போவதற்கு முந்தின நாள் மாலை, அஸர்த் தொழுகைக்குப் பிறகு. கடல் பக்கத்துக் காற்று மணலை வாரிக் கதவில் வீசிக்கொண்டிருந்தது. ஸாஜிதா மடிக்கணினியின் முன்னால் யாருக்கோ கிரைண்டரின் பெல்ட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். முருங்கை மரத்தடியில் செருப்புச் சத்தம் கேட்டபோதே தெரிந்துவிட்டது. விரல்கள் நின்றன.

வாசலில் ஸலாம் கேட்டது. ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அல்லாஹ்விடம் குற்றமாகிவிடும். ஆகவே வாய்க்குள்ளே பதில் சொல்லிக்கொண்டாள், தனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் கேட்கிற அளவில்.

"ஸாஜிதா."

முதல் தரம் அது வாயில் மாவு வைத்துக்கொண்டு சொன்னதுபோல வந்தது. ஸாஜிதா அசையவில்லை. இரண்டாம் தரம் கொஞ்சம் தெளிவாக வந்தது. மூன்றாம் தரம் முழுசாக, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி வந்தது. மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விடவேண்டும் என்பது வழக்கம். வாசலில் செருப்பு மணலில் திரும்பும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றாள் ஸாஜிதா.

"நான்தான்."

அவள் மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

"நான் எண்டு ஒரு பேர் இல்லயே," என்றாள். "பேரச் சொல்லுங்க."

வெளியே செருப்பு இன்னும் ஓரடி கதவுக்குக் கிட்ட வந்தது. பிறகு அஸ்ரியா தன் பெயரைச் சொன்னாள். ஸாஜிதா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.